மும்முறை குடியேறிய ஊர்

செக் நாட்டின் தென்போகீமியப் பகுதியில், செஸ்கே புத்யெயொவித்சே நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது ஹொலாஷொவித்சே என்னும் சிற்றூர். மன்னர்களாலோ போர்களாலோ பெயர் பெற்றதன்று, உழவர் ஊர். 1263ஆம் ஆண்டு ஆவணத்தில் இதன் பெயர் முதன்முதலாகக் காணப்படுகிறது. 1292இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இவ்வூரை விஷ்ஷீ ப்ரோத் என்னுமிடத்துச் சிஸ்டெர்சியத் துறவியர் மடத்துக்கு வழங்கினார். 1848 வரை அது மடத்தின் உடைமையாகவே இருந்தது.

1520க்கும் 1525க்கும் இடையில் கொள்ளைநோய் புகுந்தது. எஞ்சியோர் இருவரே. அத்துயரை நினைவூட்டும் தூணொன்று இன்றும் அங்கே நிற்கிறது. மடத்தார் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடிகளை வருவித்தனர். 1530இல் ஊரில் இருந்தோர் 17 பேர். செக் மொழி வழங்கிய ஊரில் செருமானியம் வேரூன்றியது. 1895இல் செருமானியர் 157 பேர். செக்கர் 19 பேர் மட்டுமே.

ஊரின் அமைப்பு தனியே நோக்கத்தக்கது. நடுவே 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் உடைய புல்வெளி. அதில் ஒரு மீன்குளம், ஒரு கொல்லுலை, நேப்போமுக் யோவானுக்கு 1755இல் எழுப்பிய சிறுகோயில். வெளியைச் சூழ்ந்து உழவர் மனைகள். குடியிருக்கும் வீட்டின் முகப்பும் தானியக் களஞ்சியத்தின் முகப்பும் வெளியை நோக்கி அடுத்தடுத்து நிற்க, இரண்டையும் வளைவு வாயிலுடைய மதில் இணைக்கும். வாயிலைக் கடந்தால் முற்றம். அதன்பின் தொழுவம், வைக்கோற் கொட்டில், தோட்டம். வளைந்து நெளியும் முகப்புகளில் சுண்ணச் சாந்தால் பூவேலை செய்து, கட்டிய ஆண்டையும் பொறித்தனர். நகரத்து மாளிகைகளின் பரோக் பாணியை நாட்டுப்புறக் கொத்தர் தம் கைவழக்கிற்கு இசைவித்த கலை இது. இம்முகப்புகளுட் பெரும்பாலானவை 1840 முதல் 1880 வரையான காலத்தவை. மடத்தின் பிடி 1848இல் அகன்றதும் உழவர் தம் மனையை அணிசெய்ய முனைந்தது இயல்பே எனலாம்.

அம்மனைகளைக் கட்டியோரின் வழித்தோன்றல்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெளியேற்றப்பட்டனர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அன்று துரத்தப்பட்ட செருமானியர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். நாட்சிகள் இழைத்த கொடுமைக்குப் பழியாக, ஏர் பிடித்தவனும் ஊரைத் துறக்க நேர்ந்தது. பல மனைகள் ஆளின்றிச் சிதைந்தன. ஆயினும், இடித்துப் புதுப்பிக்க எவரும் இல்லாமையாலேயே பழைய வடிவம் பிழைத்தது. முகப்புகளின் அழகை வியப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்: ஊரைக் காத்தது பேணுவோர் கையன்று, பேணுவார் இன்மையே.

1990க்குப் பின் மனைகள் செப்பனிடப்பட்டு மக்கள் மீண்டும் குடியேறினர். 1998இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் உழவர் விழா நடைபெறுகிறது. கைவினைஞர் புல்வெளியில் கடை விரிக்கின்றனர். விலை பேசுவது செக் மொழியில்.