பல்லாங்குழி முதல் கணினி விளையாட்டு வரை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டுமென்று கேட்டார்கள். எந்தச் சரித்திரத்தை எழுதுவது என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கு வெளியே வந்தேன். பேருந்துக் கொட்டகையில் நாலைந்து பையன்கள் ஓர் அண்ணனின் கைப்பேசியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். "என்னடா பாக்குறீங்க?" என்றேன். "கேம் சார்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது. "சரி, இந்தக் கேமை யாருடா செஞ்சது?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரோ செஞ்சிருப்பாங்க சார். நமக்கென்ன?"

அந்த 'யாரோ' யார்? நாம் அந்த 'யாரோ' ஆக முடியாதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

லயத்து வாசலில் ஆடிய ஆட்டம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, நடுப்பகலில் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பல். அதற்குப் பிறகுதான் லயத்து வாசலில் கொஞ்சம் மூச்சு விடும் நேரம். பெண்கள் பல்லாங்குழி ஆடுவார்கள். பலகை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மண்ணிலேயே பதினான்கு குழிகள் பறிப்பார்கள். சோழி இல்லையா? ரப்பர் கொட்டை இருக்கிறதே! சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையில் வைத்த அதே ரப்பர் கொட்டைதான்.

பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும் இதற்கு உறவான 'சொங்காக்' ஆடுவார்கள். அதில் பலகையின் இரண்டு முனைகளிலும் பெரிய வீடு உண்டு. நம்முடையதில் அது இல்லை. ஆனால் காயை அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும் முறை ஒன்றே.

குழிக்கு ஐந்து வீதம் பதினான்கு குழிகளுக்கு எழுபது காய்கள். ஒரு குழியை அள்ளு. கையில் காய் இருக்கும் வரை ஒவ்வொரு குழியிலும் ஒன்று போடு. கை காலியானதும் அடுத்த குழியைப் பார். அதில் காய் இருந்தால் அள்ளி ஆட்டத்தைத் தொடர். வெறுங்குழியானால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள். எந்தக் குழியில் நான்கு சேர்கிறதோ அது 'பசு', குழிக்குரியவருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் சில விதிகள் மாறும், அடிப்படை இதுதான்.

எங்கள் பாட்டி சொல்வார்: "கையில எத்தனை இருக்கு, கடைசிக் காய் எங்கே போய் விழும்னு எண்ணிப் பாத்துட்டு அள்ளு கண்ணு. அள்ளுனப்புறம் யோசிக்காதே!"

பாட்டி பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் அவர் சொன்னதுதான் இன்று கணினிக் கல்வியின் அரிச்சுவடி. 'இது தீரும் வரை செய்', 'இப்படியானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று வரிசையாகக் கட்டளை எழுதுவதைத்தான் 'நிரல் எழுதுதல்' என்கிறோம். கணினி விளையாட்டு என்பது நிரலால் ஆன பல்லாங்குழி. விதியை மனிதர் எழுதுகிறார். காயைக் கணினி நகர்த்துகிறது.

காசு போட்டு ஆடிய பெட்டி

1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்ற விஞ்ஞானி, கூடத்தைப் பார்க்க வரும் பொதுமக்கள் சலிப்படையாமலிருக்க, ஒரு சிறிய திரையில் டென்னிஸ் ஆட்டம் அமைத்தார். 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள் விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்றை எழுதினார்கள். 1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' வந்தது. காசு போட்டு ஆடும் பெட்டி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1980இல் நாம்கோ நிறுவனத்தின் 'பேக்மேன்' வந்தது. பட்டணத்துக்குப் போனால் இந்தப் பெட்டிகளின் முன்னால் கூட்டமாக நின்று, ஆடுகிறவனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தலைமுறை இன்று பேரப்பிள்ளை எடுத்திருக்கிறது.

ஸ்பேஸ் இன்வேடர்ஸை உருவாக்கியவர் டொமொஹிரோ நிஷிகாடோ. அவர் மனத்தில் இருந்த ஆட்டத்தை எழுதத் தோதான கருவிகள் அப்போது கையில் இல்லை. அதற்காக அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வேண்டிய மின்பலகையையும் எழுதும் சாதனங்களையும் தாமே அமைத்துக்கொண்டு, பிறகுதான் ஆட்டத்தை எழுதினார். ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு.

அந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரிகள் குறையக் குறைய மீதிப்பேர் வேகமாக வருவார்கள். ஏன் தெரியுமா? திரையில் உருவங்கள் நிறைய இருந்தால் அந்தக் காலத்துச் சில்லு திணறும்; குறைந்தால் சுறுசுறுப்பாகிவிடும். கருவியின் குறையையே ஆட்டத்தின் சுவையாக அவர் விட்டுவைத்தார். கருவியைத் தானே செய்தவனுக்குத்தான் அதன் குறையும் தெரியும், நிறையும் தெரியும்.

நம் பெரியவர்களுக்கு இது புதிய பாடமன்று. பால் வெட்டுகிறவர் தம் கத்தியைத் தாமே தீட்டிக்கொள்வார். மழுங்கிய கத்தி மரத்தைக் காயப்படுத்தும்; பாலும் சரியாக இறங்காது. "கத்தியத் தீட்டத் தெரியாதவனுக்கு மரத்துல என்ன வேலை?" என்பார்கள்.

தமிழுக்குக் கத்தி தீட்டியவர்கள்

தமிழுக்கு அப்படிக் கருவி செய்தவர்கள் உண்டா? உண்டு. அவர்களில் சிலர் நம் மலாயா மண்ணோடு தொடர்புள்ளவர்கள் என்பது நமக்குப் பெருமை.

யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் ஆர். முத்தையா. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்துவிட்டு, "தமிழுக்கு ஏன் இது இல்லை?" என்று கேட்டுக்கொண்டார். 247 எழுத்துகளை அத்தனை சிறிய விசைப்பலகையில் எப்படி அடக்குவது? ஒரு குறியை அடித்தும் தாள் நகராமல் நின்று, அடுத்த எழுத்து அதனோடு சேர்ந்துகொள்ளும்படியான விசைகளை வகுத்தார். தமிழ்த் தட்டச்சுப் பொறி பிறந்தது.

கணினிக் காலம் வந்தது. அதே கேள்வி மறுபடியும் எழுந்தது. 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்தளித்த முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன், 1985இல் 'முரசு' என்ற தமிழ் எழுதும் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 1997இல் அங்கே முதல் தமிழ் இணைய மாநாடு கூடவும் உழைத்தார். 1999இல் அவர் காலமானார்.

அந்த நாட்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஒருவர் தமிழில் எழுதி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் கணினியில் அது கோழி கிறுக்கியது போல் தெரியும். ஆளுக்கொரு குறியீட்டு முறை! 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்குப் பின் 'தமிழ்99' விசைப்பலகை பொதுவானதாக அறிவிக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்து உட்காரும். 'அம்மா', 'அப்பா' என்று நம் மொழியில் மெய் இரட்டிப்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. 1991 முதலே யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டு முறையில் தமிழுக்கு இடம் இருந்தது. எல்லாரும் அதற்கு மாறிய பிறகு கோழிக் கிறுக்கல் தொல்லை தீர்ந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 2005 பொங்கலின்போது முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி பிறந்தது.

இன்று நம் அம்மா 'சாப்டியா?' என்று தமிழில் செய்தி அனுப்புகிறார். அது தானாக வந்ததில்லை. அந்த 'யாரோ' யார் என்று இப்போது தெரிகிறதா?

'ஆனால்' எங்கே வரும்?

எழுத்து ஏறியது. கட்டளை? கணினிக்கான கட்டளை மொழிகளில் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. சிறு பிள்ளை சிந்திக்கக் கற்றுக்கொள்ளும் முன் அந்நியச் சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டும். இதைக் கண்டு, முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கி 2009இல் உலகுக்கு அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தது, இலவசம், அதன் உள்ளமைப்பை யாரும் திறந்து பார்க்கலாம். அதில் ஒரு துண்டு இதோ:

மதிப்பெண் = 80
@( மதிப்பெண் >= 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயற்சி செய்"
முடி

ஒன்றைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும். தமிழில் நாம் 'மழை பெய்தால்' என்றுதானே சொல்கிறோம்? நிபந்தனை முன்னே, 'ஆல்' பின்னே. எழிலிலும் 'ஆனால்' பின்னால்தான் வருகிறது. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'வரை' என்ற சொல்லும் அப்படியே. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் ஒட்டிய வேலையன்று இது. தமிழ் வாக்கியத்தின் நடையையே கணினிக்குப் பழக்கிய வேலை. 'கையில் காய் இருக்கும் வரை' என்று பாட்டி பேசிய நடைதான்.

"எழில் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்று ஒரு தாயார் நேரிடையாகவே கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது வேறு மொழிகளை. எழில் அந்த வீட்டுக்கு ஏறும் முதல் படி. படியிலேயே யாரும் குடியிருப்பதில்லை; படி இல்லாமலும் ஏற முடியாது.

கிழிந்த சமையல் குறிப்பு

கருவி கைக்கு வந்தால் நம் கதையைச் சொல்லும் ஆட்டமும் வரும். அதற்கும் சான்று இருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு, சென்னையில் பிறந்த அபி என்ற இளைஞர் தலைமையில், 'வெண்பா' என்ற விளையாட்டைச் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. இதில் துப்பாக்கி இல்லை, பந்தயம் இல்லை. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற தமிழ்த் தாய், தன் அம்மாவின் சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறாள். புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை ஆடுகிறவர்தான் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கினால்தான் ஆவி ஏறி வேகும். இதற்கிடையே மகன் கவின் வளர வளரத் தாய்மொழியிலிருந்து விலகிப் போகிறான்.

இட்லி அவிக்கிற கதையை யார் வாங்குவார்கள் என்று நினைக்கிறோம் அல்லவா? 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவில் அதற்குத் தலைமைப் பரிசு கிடைத்தது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பும் சிறந்த முதல் படைப்புக்கான விருதை அளித்தது. தமிழ்த் தாய் ஒருத்தியின் அடுப்படியை உலகம் உட்கார்ந்து ஆடிப் பார்த்தது.

நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?

இனி நம் கதைக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். எழுதவும் கூட்டவும் தெரிந்தால் போதும். படித்த பிள்ளை மறுபடியும் மரத்தடிக்கே வரட்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. அந்த வேலியைத் தாண்டி ஆசிரியர்களும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் நம் லயங்களிலிருந்து வந்தார்கள் என்றால், அது பெற்றோர் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்ததால்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடம் பெயர்ந்தன. பழைய வேலி இல்லை. ஆனால் புதிய வேலி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. ஒரு பக்கம் செய்கிறவர்கள். மறுபக்கம் ஆடிக்கொண்டே இருப்பவர்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அந்த வேலியைப் பார்த்தோம். வீட்டில் ஒரே கைப்பேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிள்ளைக்குப் பாடமில்லை. 2017 முதல் இடைநிலைப் பள்ளி முதலாம் படிவத்திலேயே கணினி அறிவியலின் அடிப்படை பாடமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை அங்கே முதன்முதலாகத் திகைத்து நிற்கலாமா?

பெற்றோர்களே, "கேம் ஆடாதே!" என்று அதட்டுவதோடு நிற்காதீர்கள். "இதை எப்படிச் செஞ்சிருப்பாங்க, சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். வீட்டில் ஒரு பல்லாங்குழி வாங்கி வையுங்கள். அந்த விதிகளைப் பிள்ளை தமிழில் ஒரு தாளில் வரிசையாக எழுதட்டும். அதுவே முதல் நிரல். வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! தாத்தா மரத்துக்குப் போகுமுன் கத்தியைத் தீட்டினார். உங்கள் கத்தி கணினி. தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இன்னும் சில ஆண்டுகள் கழித்து வேறொரு பேருந்துக் கொட்டகையில், "இந்தக் கேமை யாருடா செஞ்சது?" என்று யாராவது கேட்டால், "எங்க பள்ளிக்கூடத்து அக்கா சார்!" என்று பதில் வரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!