மிச்சம் ஒரு புகைபோக்கி

மும்பை லோயர் பரேலில் என் ஆபீஸ் ஜன்னலில் பழைய மில் புகைபோக்கி ஒன்று தெரியும். வந்த புதிதில் அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. முறைப்படி முடியவே இல்லை. பல மில்கள் திறக்கவே இல்லை. துணி நெசவு பிவண்டி பவர்லூம்களுக்குப் போனது.

மில் மட்டுமா படுத்தது? தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைத்த 'கானாவள்' பெண்களின் அடுப்பும் அணைந்தது. கொங்கணக் கிராமங்களுக்குப் போன மணியார்டர் நின்றது. 1991ல் மில் நிலத்தை விற்க வழி பிறந்தது. மால்களும் ஆபீஸ்களும் முளைத்தன.

அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பிய அதே மண்ணில் உட்கார்ந்துதான் நானும் மாசாமாசம் அம்மாவுக்கு அனுப்புகிறேன்.