தோல் வெளுத்தபோது பிறந்த மருந்து

முழங்கையிலும் முழங்காலிலும் தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளைச் செதில் படர்ந்திருக்கும். சொரியாசிஸ் என்றும் காளாஞ்சகப்படை என்றும் சொல்வார்கள். அதற்குத் தோல் மருத்துவர்கள் எழுதித்தரும் லோஷன்களில் ஒன்று குளோபெட்டசால். பாட்டிலில் 0.05 சதவீதம் என்று போட்டிருக்கும். இத்தனை சிறிய எண்ணைப் பார்த்ததும் லேசான மருந்து என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே அதிவீரியமான வகுப்பைச் சேர்ந்தது இது. அந்த வீரியம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பூசுகிற கை தானாக நிதானத்துக்கு வரும் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கதை.

ஸ்டீராய்டுக்கு முந்தைய காலம் நோயாளிகளுக்குக் கொடுமையானது. பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் பொடி போர்ச்சுக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்து, ‘கோவா பொடி’ என்ற பெயரில் படர்தாமரைக்கு மருந்தாக இருந்தது. 1870களில் லண்டன் மருத்துவர்கள் அதைச் சொரியாசிஸுக்கும் பூசிப் பார்த்தார்கள். தடிப்பு அடங்கியது. ஆனால் தோல் எரிந்தது, துணியெல்லாம் கறையானது. 1925இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் கோக்கர்மன் நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிரைக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். நல்ல பலன் கிடைத்தது. அதற்காக நோயாளி வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தார் வாடையோடு படுத்திருக்க வேண்டும்.

அதே மேயோ கிளினிக்கில்தான் அடுத்த திருப்பம். 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச்சின் குழு ‘காம்பவுண்ட் ஈ’ என்ற பொருளை ஊசியாகப் போட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அதுதான் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு. மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த அமிலத்தை முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் மாற்றி மாற்றித்தான் அதைத் தயாரிக்க முடிந்தது. ஹென்ச், வேதியியலாளர்கள் எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடனே கார்டிசோனைத் தோலிலும் தடவிப் பார்த்தார்கள். பலனில்லை. கார்டிசோன் வேலை செய்ய வேண்டுமானால் உடலுக்குள், முக்கியமாகக் கல்லீரலில், ஹைட்ரோகார்டிசோனாக மாற வேண்டும். தோலால் அந்த மாற்றத்தைப் போதுமான அளவுக்குச் செய்ய முடியாது. 1952இல் தோல் மருத்துவர்கள் மரியன் சல்ஸ்பர்கரும் விக்டர் விட்டனும் ஹைட்ரோகார்டிசோனையே நேராகப் பூசியபோது எக்ஸிமா என்ற தோல் அழற்சி அடங்கியது. தோல் மருத்துவத்தை இரண்டாகப் பிரித்தால் அந்த ஆண்டைத்தான் எல்லைக்கோடாகச் சொல்ல வேண்டும். ஆனால் சொரியாசிஸ் அசையவில்லை. வழக்கமாக ஒரு மாதம்போல எடுத்து மேலே வர வேண்டிய தோல் செல்கள் இந்த நோயில் சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. அந்தத் தடிப்பைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்ய ஹைட்ரோகார்டிசோனுக்குத் தெம்பு போதவில்லை.

தெம்பு ஃபுளோரினில் கிடைத்தது. 1954இல் வேதியியலாளர்கள் ஜோசஃப் ஃப்ரைடும் எமிலி சாபோவும் ஸ்டீராய்டு மூலக்கூறில் ஒரு ஃபுளோரின் அணுவைச் சேர்த்தால் வீரியம் பல மடங்கு கூடுவதைக் கண்டார்கள். எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஃபுளூட்ரோகார்டிசோன் என்ற புது மருந்தைப் பூசியவர்களுக்கு உடலில் உப்பு தங்கி வீக்கம் கண்டதாக 1955இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மேலே பூசியது ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ‘வெளியில்தானே தடவுகிறோம்’ என்று இன்றைக்கும் சொல்கிற எல்லோருக்கும் அப்போதே கிடைத்துவிட்ட பதில் இது.

புதுப்புது ஸ்டீராய்டுகள் வரிசையாக வந்தபோது, எது வீரியம் கூடியது என்று எப்படி அளப்பது? இந்தக் கேள்விக்கு 1962இல் ஆய்வாளர்கள் மெக்கன்ஸியும் ஸ்டௌட்டனும் கண்ட விடை எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். மருந்தை ஆல்கஹாலில் கரைத்து, நல்ல தோல் உள்ளவர்களின் முன்கையில் சின்னச் சின்ன இடங்களில் விட்டார்கள். பல மணி நேரம் மூடிவைத்துத் திறந்து பார்த்தார்கள். ஸ்டீராய்டு தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால் பூசிய இடம் மட்டும் வெளுத்திருக்கும். எவ்வளவு நீர்த்த கரைசல் வரை தோலை வெளுக்கவைக்கிறதோ, மருந்துக்கு அவ்வளவு வீரியம். நோயாளியே இல்லாமல், கண்ணால் பார்த்தே ஒரு மருந்தின் பலத்தை மதிப்பிட வழி பிறந்தது. 1960களில் பீட்டாமெத்தசோன் வேலரேட் இந்தத் தேர்வில் தேறி வந்தது. 1970களில் பிரிட்டனின் கிளாக்ஸோ நிறுவனம் கொண்டுவந்த குளோபெட்டசால் அதையும் தாண்டிப் போனது.

ஆனால் அந்தச் சோதனை காட்டியது ஒரு நாள் பலத்தை மட்டும். மாதக்கணக்கில் பூசினால் என்ன ஆகும் என்பதை நோயாளிகளின் உடலில்தான் பார்க்க வேண்டியிருந்தது. தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் விழுந்த கோடுகள் மறையவே இல்லை. அட்ரினல் சுரப்பி சோர்ந்துபோனதும் உண்டு. திடீரென்று நிறுத்தியவர்களுக்கு நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. சிலருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளமாகவே வெடித்தது.

மருந்துத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும் விதிகளெல்லாம் அந்த அனுபவத்தில் பிறந்தவை. குளோபெட்டசால் லோஷனுக்குத் தொடர்ந்து இரண்டு வாரம்தான் கணக்கு. உடலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் சொரியாசிஸ் அடங்காமல் நின்றால், மருத்துவர் பார்த்து இன்னும் இரண்டு வாரம் நீட்டலாம். வாரத்துக்கு 50 கிராம், லோஷனாக இருந்தால் 50 மில்லி, தாண்டக் கூடாது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கூடாது. கண்ணில் படக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் பூசிய இடத்தில் கட்டுப் போடவோ பிளாஸ்டிக்கால் மூடவோ வேண்டாம். மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே போகும். தடிப்பு உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவிக் கையைக் கழுவிவிட வேண்டும். தலையில் என்றால் முடியை வகிடு பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். முடியில் வழிவதெல்லாம் வீண்.

கிரீமுக்கும் களிம்புக்கும் ஓர் எளிய அளவு உண்டு. 1991இல் லாங், ஃபின்லே என்ற மருத்துவர்கள் சொன்னது. சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்கு டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். பத்து உள்ளங்கை அகலத்துக்கு இரண்டரை கிராம். நாளுக்கு இரண்டு வேளை பூசினால் வாரத்துக்கு 35 கிராம். உங்கள் டியூப் இதைவிட வேகமாகக் காலியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். லோஷன் ஓடிவிடும் என்பதால் விரல் கணக்கு அதற்குச் சரிப்படாது. பிரித்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதிவைத்து, எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன செய்வது? அதற்கான மருந்துக்கும் பிறந்த கதை ஒன்று உண்டு. ஜப்பானில் எலும்புத் தேய்மானத்துக்கு வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு, எதிர்பாராமல் சொரியாசிஸும் மறைந்ததை மோரிமோட்டோ, குமஹாரா என்ற மருத்துவர்கள் 1985இல் பதிவு செய்தார்கள். அந்த வழியில் டென்மார்க்கில் உருவானது கால்சிபோட்ரியால். ஸ்டீராய்டை மெல்லக் குறைத்து இதற்கு மாற்றுவது இன்று மருத்துவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று. எதை எப்போது குறைப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பெரிய ஆபத்து மிச்ச மருந்துதான். ‘எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு’ என்று அடுத்த வீட்டுக்குப் போகும் பாட்டில், அங்கே படர்தாமரை மேல் பூசப்படுகிறது. அரிப்பு அடங்குகிறது, பூஞ்சையோ உள்ளுக்குள் பரவுகிறது. சிவப்பழகு தரும் என்று முகத்தில் தேய்த்துக் கெட்டவர்களும் ஏராளம். இந்த வகைக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் இந்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்காதீர்கள். மருத்துவர் இந்த லோஷனை எழுதித் தரும்போது எப்போது தொடங்குவது என்பதோடு, எந்தத் தேதியில் நிறுத்துவது என்றும் கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.