மான்செஸ்டர் கிராமர் பள்ளி

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஃபாலோஃபீல்டை ஒட்டிய ஓல்டு ஹால் லேனில் இயங்கும் தனியார் ஆண்கள் பள்ளி. விடுதி இல்லை, மாணவர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவர். தலைமையாசிரியருக்கு ‘ஹை மாஸ்டர்’ என்ற பழைய பட்டம் இன்றும் வழங்குகிறது. சின்னம் ஆந்தை. ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் இப்பள்ளியை விடாமல் துரத்திவந்த கேள்வி ஒன்று உண்டு: பையன்களின் படிப்புச் செலவு யார் தலையில் விழுவது?

தோற்றம்

நிறுவனர் ஹியூ ஓல்டம், எக்ஸிடர் நகரின் ஆயர் (இறப்பு 1519). லங்காஷயர்க்காரர் என்பதில் ஐயமில்லை. பிறந்த ஊர் எது என்பதில் கிரம்ப்சால், ஆன்கோட்ஸ், ஓல்டம் என மூன்று இடங்கள் உரிமை கோருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்கும் இவர் பெரும்பொருள் ஈந்தவர். ஓல்டம் என்ற பெயரை உள்ளூர் மக்கள் உச்சரிக்கும் விதம் ஆந்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒத்திருந்ததால் அப்பறவை இவரது முத்திரையில் ஏறிக்கொண்டது. எக்ஸிடர் பேராலயத்தில் இவரது கல்லறைச் சிற்றாலயச் சுவர்களில் இன்றும் கல் ஆந்தைகள் உட்கார்ந்திருக்கின்றன. 1873-இல் தொடங்கிய பள்ளி இதழுக்கும் ஆந்தையின் லத்தீன் பெயரான ‘உலுலா’வையே சூட்டினார்கள்.

பள்ளி தொடங்கிய ஆண்டைச் சொல்வதிலும் சிறு இழுபறி உண்டு. முதல் ஆவணம் 1515 ஆகஸ்ட் 20-ஆம் நாளுக்குரியது. கட்டடம் எழுந்தது அதற்குப் பின். விதிமுறைகள் விரிவாக எழுதப்பட்டது 1525-இல், அதாவது நிறுவனர் மறைந்து ஆறாண்டு கழித்து. பள்ளி தன் வயதை 1515-இலிருந்தே எண்ணுகிறது. ஓல்டமுக்குத் துணைநின்று நடைமுறைக் காரியங்களைக் கவனித்த பெக்ஸ்விக் குடும்பத்தாருக்கு நிறுவனர் பெருமையில் எவ்வளவு பங்கு தருவது என்பதும் எழுதுபவரைப் பொறுத்து மாறுகிறது.

1525-ஆம் ஆண்டு விதிகள் படிக்கச் சுவையானவை. எந்த ஊர்ப் பையனாயினும், கொடிய தொற்றுநோய் இருந்தாலொழிய, திருப்பி அனுப்பக் கூடாது. ஆசிரியர் மாணவரிடம் காசு வாங்கக் கூடாது. சேவற்சண்டையின் பேரில் அக்காலப் பள்ளிகளில் வசூலித்துவந்த காசையும் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். சேரும்போது ஒரே ஒரு பென்னி கொடுத்தால் போதும். அந்தப் பென்னியும் பெயர்ப் பதிவேடு எழுதி, பள்ளியைப் பெருக்கி வைத்த ஏழை மாணவர் இருவருக்கே போனது.

ஆலைகள்

இலவசப் படிப்புக்குப் பணம் வந்தது மாவிலிருந்து. ஐர்க் ஆற்றின் நீராலைகள் பள்ளியின் அறக்கட்டளைச் சொத்தாயின. ஊரார் தங்கள் தானியத்தையும், பீர் காய்ச்சுவதற்கான மால்ட்டையும் அந்த ஆலைகளில்தான் அரைக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். மீறியவர்கள்மேல் அறங்காவலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஊர் பெருகப் பெருக ஆலைகள் ஈடுகொடுக்கவில்லை, முணுமுணுப்பு வளர்ந்தது. சுருக்கெழுத்து முறை ஒன்றைக் கண்டுபிடித்தவரும் உள்ளூர்க் கவிஞருமான ஜான் பைரம், ஊரைப் பட்டினி போடும் இரண்டு ஒல்லி ஆலைக்காரர்களைக் கேலி செய்து எழுதிய சிறு பாடல் இன்றும் நினைக்கப்படுகிறது. 1757-இல் ஷூட்ஹில் சந்தையில் உணவுக் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றச் சட்டம் ஒன்று மக்களை இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. இரண்டையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஒன்றுக்கு மற்றது எவ்வளவு தூரம் காரணம் என்று அறுதியிடுவது கடினம்.

ஆனால் அந்தச் சட்டம் மால்ட்டை விடுவிக்கவில்லை. ஆகவே அதற்குப் பின்னும் மான்செஸ்டர்க்காரர் குடித்த பீரில் ஒரு பங்கு லத்தீன் இலக்கணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு மாணவர்களைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை. 1555-இல் எரித்துக் கொல்லப்பட்ட புராட்டஸ்டன்ட் தியாகி ஜான் பிராட்ஃபோர்டு இங்கே படித்தார் என்பது மரபுவழிச் செய்தி. அச்சேறிய சேர்க்கைப் பதிவேடு 1730-இல்தான் தொடங்குகிறது. வட்டார வரலாற்று நூல்களை வெளியிடும் செதம் கழகம் 1866 முதல் அதை விரிவான குறிப்புகளோடு வெளியிட்டதால், 1730-க்குப் பின் சேர்ந்த பையன்களுக்கு மட்டும் தந்தை பெயரும் தொழிலும் பிற்கால வாழ்வும் கிடைத்துவிட்டன.

லாசன் காலம் (1764–1807)

பள்ளி வரலாற்றில் மிக அதிகமாக எழுதப்பட்ட பகுதி, ஹை மாஸ்டர் சார்ல்ஸ் லாசனின் நாற்பத்து மூன்று ஆண்டுகள். அதற்கு அவரைவிட அவரிடம் படித்த இருவரே காரணம்.

ஒருவர் சாமுவேல் பாம்ஃபோர்டு, மிடில்டன் ஊரைச் சேர்ந்தவர். பின்னாளில் நெசவாளர், சீர்திருத்தப் போராளி, 1819-இல் மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலையைக் கண்ணால் கண்டு எழுதியவர். கீழ்ப்பள்ளியில் நன்றாகவே முன்னேறினார். லத்தீன் வகுப்புக்கு ஏறும் கட்டம் வந்தபோது, அது மகனுக்குப் பயன்படாது என்று தந்தை நிறுத்திவிட்டார். அந்த ஏமாற்றத்தை முதிய வயதிலும் பாம்ஃபோர்டு மறக்கவில்லை. கட்டணம் இல்லாத பள்ளியிலும் எல்லோராலும் ஏற முடியாத ஒரு படி இருந்தது.

மற்றவர் தாமஸ் டி குவின்ஸி. 1800-இல் சேர்ந்து லாசன் வீட்டிலேயே தங்கிப் படித்தார். அன்று பள்ளியில் இப்படி விடுதி மாணவர்கள் பலர் இருந்தனர். உடற்பயிற்சிக்கு நேரமே விடாத அட்டவணையும் கட்டிப்போட்டாற்போன்ற வாழ்வும் அவரை வாட்டின. காப்பாளர்களிடம் கெஞ்சிப் பார்த்தார், பலனில்லை. குடும்பத்துக்கு வேண்டிய சீமாட்டி ஒருவருக்குக் கடிதம் எழுதி ஐந்து கினி கேட்டார், பத்து வந்தது. 1802 ஜூலையில் ஒரு விடியற்காலை, பதினாறு வயதில், ஓடிப்போனார். புத்தகம் நிறைந்த கனத்த பெட்டியைத் தோளில் சுமந்து படியிறங்கிய வேலையாள் கடைசிப் படிகளில் கால் இடறினான். பெட்டி உருண்டுபோய் ஹை மாஸ்டரின் படுக்கையறைக் கதவில் இடித்தது. வேலையாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிறுவனுக்கும்தான். கதவு திறக்கவில்லை. ஒரு பையில் பிடித்த ஆங்கிலக் கவிஞர், மறு பையில் யூரிபிடீஸ் நாடகங்கள் என்று நடக்கத் தொடங்கினார். ‘ஓர் ஆங்கிலேய அபின் உண்ணியின் ஒப்புதல்கள்’ (1821) இதைச் சொல்கிறது. 1856-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் பள்ளிப் பகுதி பல மடங்கு நீள்கிறது. ஐம்பதாண்டு கடந்த நினைவு என்பதால் சிறு விவரங்களை அப்படியே ஏற்பதற்கில்லை. பெட்டி விழுந்த சத்தத்தை மட்டும் நம்பாமல் இருப்பது கடினம்.

வழக்கும் கட்டணமும்

ஆலை வருமானம் ஊருடையது. அதன் பலன் வெளியூர் விடுதி மாணவருக்கா என்று நகர வணிகர்கள் கேட்டனர். சான்சரி நீதிமன்றத்தில் 1830களில் தொடங்கிய வழக்கு 1849 வரை இழுத்தது. முடிவில் விடுதி மாணவர்கள் விலக்கப்பட்டனர். பள்ளி உள்ளூர்ப் பையன்களின் பகல்நேரப் பள்ளியாக நிலைபெற்றது. அதே ஆண்டுகளில் ஐர்க் ஆறு சாயக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் கலந்து கருத்துவிட்டது. பிரெடரிக் ஏங்கல்ஸ் 1845-இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில், பள்ளி இருந்த லாங் மில்கேட் பகுதியும் அந்த ஆறும் வருகின்றன.

எஃப். டபிள்யூ. வாக்கர் (1859–1877) பள்ளியைத் தூக்கி நிறுத்தினார். 1860களின் பிற்பகுதியில், இலவச மாணவரோடு கட்டணம் செலுத்துவோரும் சேர்க்கப்பட்டனர். நிறுவனரின் விருப்பத்துக்கு இது துரோகம் என்ற கூச்சல் எழுந்தது. கட்டணம் இல்லாமல் அறிவியல் கற்பித்தலும் புதிய கட்டடமும் சாத்தியமாகியிருக்குமா என்பது வேறு கேள்வி. வாக்கர் பின்னர் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளிக்குத் தலைமையேற்றார்.

ஜே. எல். பேட்டன் (1903–1924) காலத்தில் முகாம்களும் நடைப்பயணங்களும் பள்ளி வாழ்வின் அங்கமாயின. தள்ளுவண்டியில் கூடாரத்தை ஏற்றி, பையன்களோடு தானும் இழுத்துச் சென்றவர் அவர். பிறகு நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் கல்லூரிக்கு முதல் தலைவராகப் போனார்.

இருபதாம் நூற்றாண்டு

1931-இல் பள்ளி இப்போதைய இடத்துக்கு மாறியது. 1939-இல் போர் தொடங்கியதும் பையன்கள் சிறிது காலம் பிளாக்பூலுக்கு அனுப்பப்பட்டனர்.

எரிக் ஜேம்ஸ் (1945–1962) தலைமையில் ‘நேரடி மானியப் பள்ளி’ முறை உச்சம் கண்டது. நுழைவுத் தேர்வில் தேறிய பையனுக்கு, பெற்றோரின் வருமானம் எதுவாயினும், பொதுப்பணம் வழி திறந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உதவித்தொகைகளை இப்பள்ளி அள்ளிய காலம் அது. திறமையுள்ளோரைத் தனியே பிரித்துக் கற்பிப்பதே நியாயம் என்று ஜேம்ஸ் வெளிப்படையாக வாதாடினார். பதினோரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதை எதிர்த்தவர்கள் அவரைக் கடுமையாக விமர்சித்தனர். அந்த வாதம் இங்கிலாந்தில் இன்னும் ஓயவில்லை. பிரபுப் பட்டம் பெற்ற அவர் யார்க் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

1976-இல் தொழிற்கட்சி அரசு நேரடி மானியத்தைக் கைவிட்டது. பொதுப் பள்ளியாக இணைவதா, கட்டணப் பள்ளியாகத் தனித்து நிற்பதா என்ற நிலையில் பள்ளி தனித்து நின்றது. 1980 முதல், வசதியற்ற மாணவரின் தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு ஏற்ற உதவி இடத் திட்டம் ஓரளவு கைகொடுத்தது. 1997-இல் வந்த அரசு அதையும் நிறுத்தத் தொடங்க, பழைய மாணவர்களிடம் திரட்டிய நிதியிலிருந்து வசதியற்ற பையன்களுக்குக் கட்டணச் சலுகை தரும் ஏற்பாடு வந்தது.

மாணவர்கள்

கணிதவியலாளர் மைக்கேல் அத்தியா, நாடக ஆசிரியர் ராபர்ட் போல்ட், எழுத்தாளர் ஆலன் கார்னர், நாடக இயக்குநர் நிக்கோலஸ் ஹைட்னர், இங்கிலாந்து கிரிக்கெட் தலைவராக இருந்த மைக்கேல் ஆதர்டன் ஆகியோர் இங்கே படித்தவர்கள். ‘காந்தி’ (1982) திரைப்படத்தில் காந்தியாக நடித்த பென் கிங்ஸ்லியும் இப்பள்ளிப் பையனே. பிறப்புப் பெயர் கிருஷ்ணா பான்ஜி, தந்தைவழி குஜராத்தி வேர்.

அண்மைக் காலம்

2008-இல் சிறுவர் பிரிவு திறக்கப்பட்டது. 2015-இல் ஐந்நூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. சேர்க்கை இன்றும் ஆண்களுக்கு மட்டுமே.