அம்மாயி முகத்தோட நிறம்

போன வருசம் அம்மாயியின் ஒரே கலர் போட்டோவைப் பெரிசாக்க ஒரு கடையில் கொடுத்தேன். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் படங்கு, வெயிலுக்குச் சுருங்கின கண். திரும்பி வந்தது ரோஸ் பவுடர் பூசின வேறு யாரோ. அம்மா வாங்கிப் பார்த்துட்டு, "யாருடா இது?" என்று மட்டும் கேட்டாங்க.

கடைக்காரர் நல்ல மனசோடதான் செய்திருப்பார். ஆனால் முகம் தெளிவாக இருக்கணும் என்றால் வெளுப்பாக இருக்கணும் என்று மனுசனுக்கும் மெசினுக்கும் யார் சொல்லிக்கொடுத்தது? அதைத் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதை நம்ம பக்கத்திலேயே தொடங்குது. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். அவருடைய குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் வந்து குடியேறியவர், 1879 ஜனவரியில் டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்து மிஞ்சியிருக்கிற படங்கள் கொஞ்சம்தான். விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்தில் நோர்த்துக்குப் பெயர் இருக்கு. உழைக்கிற சனங்களின் முகங்களில் பலவற்றுக்குப் பெயரே இல்லை.

நிறத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியையும் புறஊதாவையும்தான் பிடிக்கும். சிவப்புக்குக் குருடு. அதனால் வானம் வெள்ளையாகும், சிவப்புச் சேலை கருப்பாகும். மாநிறத் தோலும் நேரில் இருந்ததைவிடக் கருப்பாகவே பதியும். அந்தப் படங்களை வைத்து நம்ம பாட்டன் பூட்டன் என்ன நிறம் என்று முடிவு கட்ட முடியாது.

கலர் பிலிம் வந்ததும் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1950கள் முதல் கொடாக் தன் மெசின்களோடு லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். பெயர் ஷேர்லி கார்ட். அந்த முகம் சரியாக வரும்வரை மெசினைத் திருகுவார்கள். அதற்குப் பிறகு யாருடைய முகமாக இருந்தாலும் அந்தக் கணக்குத்தான். கருப்புத் தோலின் நுணுக்கங்கள் இருட்டில் போயின. இதில் சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை: கொடாக்கை அசைத்தது மனுச முகங்கள் இல்லையாம். மரச்சாமான் கம்பெனியும் சொக்லேட் கம்பெனியும், தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்டதுதானாம். அங்கே வேலை செய்தவர்களே ஆய்வாளர் லோர்னா ரொத்திடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கிற கார்ட் வந்தது 1990களில்.

இன்றைக்கு ஷேர்லியின் இடத்தில் எண்கள். கெம்பஸ் நண்பன் ஒருத்தன் நிறம் அளக்கிற கருவியை இரவல் வாங்கி வந்தான். மொனிட்டரை 6500 கெல்வின், காமா 2.2 என்று வைத்து, வெளிச்சத்தையும் குறைத்தோம். கருவி திரையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு நிறமாக அளந்து, திரை எவ்வளவு பொய் சொல்லுது என்று ஒரு புரொபைல் எழுதித் தரும். பிரிண்டருக்கும் அப்படித்தான், ஆனால் ஒவ்வொரு பேப்பருக்கும் மைக்கும் தனித்தனிப் புரொபைல் வேணும். திரை ஒளியைத் தருது, பேப்பர் ஒளியைத் திருப்பி அனுப்புது. இரண்டும் தானாக ஒத்துப்போகாது. பிரிண்டரின் தானியங்கித் 'திருத்தத்தை' நிறுத்த மறக்காதீங்க. வெளுக்கிற வேலை பாதி அங்கேதான் நடக்குது.

இவ்வளவும் செய்தால் திரையும் பேப்பரும் ஒரே நிறம் பேசும். அது அம்மாயியின் நிறமா? பழைய பிரிண்டே மங்கிச் சிவந்துபோயிருந்தது. அதற்கு எந்தக் கருவியிடமும் பதில் இல்லை. அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "இன்னும் கொஞ்சம் கருப்பு. நெத்தியில இவ்வளவு சிவப்பு இல்லடா."

நாலாவது பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"முகம் சரி. வெரலு இவ்வளவு சுத்தமா இருக்காது. கொழுந்துக் கறை எங்க?"

முதல்நாள் ராத்திரி, ஏதோ அழுக்கு என்று நினைத்து நான்தான் அதைத் துடைத்திருந்தேன்.