பால்வெட்டும் கத்தி

1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு உருவான இரப்பர் சிறுதோட்டங்களின் பழைய கொட்டகைகளில், துருவேறிய காண்டா வாளிகளுக்கும் உடைந்த மங்குகளுக்கும் நடுவே, நுனி வளைந்த சிறு கத்திகள் கிடைப்பதுண்டு. பழைய இரும்பு வாங்குவோருக்கு அவற்றின் விலை சில காசே.

அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர், மரம் புண்பட்டது. 1888இல், நம்மவர் பூமலை என்றழைத்த சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவும் முறையைக் கண்டார். சீவிய பட்டை மீண்டும் வளர, அதே மரம் பல்லாண்டுகள் பால் சுரந்தது.

ஆயினும் அம்முறையை மரத்தில் நிறைவேற்றியவர்கள் நம் தோட்டப் பாட்டாளிகள். வெயிலேறினால் பாலோட்டம் குறையும். ஆகவே விடியுமுன் விளக்கொளியில் வெட்டினர். பட்டையின் அடியிலுள்ள உயிர்ப்படலத்தில் கத்தி பட்டால் மரம் முடிச்சிடும். அந்த நூலளவு ஆழத்தை அவர்தம் மணிக்கட்டு அறிந்திருந்தது. நாளும் கல்லில் தீட்டப்பட்டு அலகு தேய்ந்துபோன கத்தியொன்றை யாம் கண்டோம். எடைக்குப் போட மனம் வரவில்லை.