புதையல் வேட்டையும் கையடக்கக் கணினியும்

இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில், சதுப்பு நிலமும் கருங்கற் குன்றுகளுமாக விரிந்து கிடக்கும் டார்ட்மூர்ப் பிரதேசத்தில், மனிதர் எளிதிற் சென்றடைய முடியாத கிரான்மீர் பூல் என்ற இடத்தில், சாக்ஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்த வழிகாட்டியான ஜேம்ஸ் பெரட் 1854ஆம் ஆண்டில் ஒரு புட்டியை வைத்து, அங்கு வந்து சேர்கிறவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் செல்லலாம் என்று ஏற்பாடு செய்தார். காலக்கிரமத்தில் அந்தப் புட்டி பெட்டியாயிற்று. பிரதேசமெங்கும் பெட்டிகள் பெருகின. தம் விலாசம் எழுதிய தபாலட்டையை ஒருவர் அதில் வைத்துவிட்டு வருவதும், அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலிற் சேர்ப்பதும் வழக்கமாயின. இந்த விளையாட்டுக்கு வேண்டிய உபகரணங்கள் ஒரு திசைகாட்டியும், ஒரு வரைபடமும், நல்ல பாதரட்சையுமே. ஆகவே எதைக் கையிற் கொண்டு போவது என்ற விசாரம் அக்காலத்தவருக்கு எழவில்லை. அது எழுந்தது, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், இதே விளையாட்டு ஜியோகேஷிங் என்ற பெயருடன் அமெரிக்காவில் மறுஜன்மம் எடுத்தபோதுதான்.

அம்மறுஜன்மத்துக்குக் காரணம் வானத்தில் இருந்தது. அமெரிக்க ராணுவம் 1973இல் திட்டமிட்டு, 1978இல் முதற் செயற்கைக்கோளை ஏவித் தொடங்கிய ஜி.பி.எஸ். ஏற்பாட்டின் தத்துவம் சுலபமானது: சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்க, கீழே கருவியை ஏந்தி நிற்பவன் குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்து சேர்ந்த கால வித்தியாசத்திலிருந்து தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்துக்கொள்ளலாம். 1983 செப்டம்பரில், வழி தவறிச் சோவியத் வான்வெளியிற் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட துயரத்துக்குப் பிறகு, இவ்வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது. 1989இல் மெகல்லன் கம்பெனி ‘நாவ் 1000’ என்ற கைக்கருவியைச் சுமார் 3,000 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. படகோட்டிகளும் நில ஆராய்ச்சியாளரும் அதை வாங்கினர். 1991 வளைகுடா யுத்தத்தின்போது ராணுவக் கருவிகள் போதாமல், படைவீரர்களே கடைச் சரக்கான கருவிகளை நம்பிப் பாலைவனத்திற் சென்றனர்.

எனினும் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் ராணுவத்தார் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்திருந்தனர். இடம் நூறு மீட்டர் வரை பிசகிக் காட்டும். கடலில் நூறு மீட்டர் ஒரு பொருட்டன்று. காட்டில் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடுகிறவனுக்கோ அது ஏறக்குறைய எட்டு ஏக்கர் நிலத்தைத் துழாவும் வேலை. 2000ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி ஜனாதிபதி கிளின்டன் அறிவித்து, அன்று நள்ளிரவில் அப்பிழை நீக்கப்பட்டபோது, சாதாரணக் கருவியும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் இடஞ்சொல்லத் தொடங்கியது. நூறு மீட்டர் வட்டம் பத்து மீட்டர் வட்டமாகச் சுருங்கினால் எட்டு ஏக்கர் எட்டு சென்ட் ஆகிவிடும் என்பதை, மனைக்கட்டு வாங்கிப் பழகிய நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த மாறுதலைக் கொண்டாட எண்ணிய டேவ் உல்மர் என்ற கணினி நிபுணர், மே 3ஆம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகரை அடுத்த பீவர்கிரீக் அருகே, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியில் புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு டப்பா பீன்ஸ், குறிப்பேடு, பென்சில் முதலியவற்றை இட்டுப் பாதி புதைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை மின்வலை வழியே அறிவித்தார். கண்டவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைக்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும், விதி அவ்வளவே. சில தினங்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்தனர். அவருள் முதல்வரான மைக் டீக் இத்தகைய இடங்களின் பட்டியலைத் தொகுக்கலானார். அவ்வாண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஒரு வலைத்தளத்தைத் திறந்தபோது உலகில் அறியப்பட்ட புதையல்கள் 75. இரு தசாப்தங்களுக்குள் அத்தொகை முப்பது லட்சத்தைக் கடந்தது.

இனி இவ்வேட்டைக்காரன் கையில் இருந்தது என்ன என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் கார்மின் கம்பெனி வெளியிட்ட ‘ஈட்ரெக்ஸ்’ என்ற மஞ்சள் நிறக் கருவி, பேட்டரியோடு சேர்ந்து 150 கிராம் எடை, உள்ளங்கையில் அடங்கும், இரு பக்கங்களிலும் பொத்தான்கள் இருந்தமையால் ஒரு கையாலேயே இயக்கலாம், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது, எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரி இரண்டு போட்டால், சிக்கனமாக உபயோகிப்பவர்க்கு 22 மணி நேரம் உழைக்கும் என்று கம்பெனியார் உறுதி கூறினர். மலையிலும் மழையிலும் இதைவிட விசுவாசமான சேவகன் வேறில்லை. ஆனால் இச்சேவகன் எழுத்தறிவு அற்றவன். ஓர் இடத்தை அதிற் பதிய வேண்டுமானால், மேலும் கீழும் பொத்தானை அழுத்தி ஒவ்வோர் இலக்கமாக நகர்த்த வேண்டும். அந்த இடத்துக்குச் சூட்டும் பெயரோ ஆறு எழுத்துக்கு மேற்போகக் கூடாது. புதையல் ஆலமரத்தடியிலா, பாலத்தடியிலா, டப்பா பெரியதா, விரல் நுனியளவா, பாதை செங்குத்தானதா என்ற விவரம் எதையும் அது சொல்லாது. நின்ற இடத்தில் அதன் அம்பு திசை காட்டவும் செய்யாது. நாலடி நடந்தாற்றான் காட்டும்.

ஆதலால் அக்காலத்து வேட்டைக்காரர், ஒரு கையிற் கருவியும் மறு கையிற் காகிதக் கத்தையுமாகப் புறப்பட்டனர். வார இறுதிப் பயணம் ஒன்றுக்கு முப்பது நாற்பது தாள்களை அச்சிட்டுக்கொள்ள வேண்டும். மழையில் அவை கூழாகும். திடீரென்று வழியை மாற்றினால் அத்தனையும் வீண். காகிதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேடி அலுத்தவர்க்கென்று கொடுக்கப்பட்ட துப்பு, ஆங்கில நெடுங்கணக்கில் ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதிய ரகசியக் குறியீட்டில் இருக்கும். தாளின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்து அட்டவணையைப் பார்த்து, கொசுக்கடிக்கு நடுவே, பென்சிலால் ஒவ்வோர் எழுத்தாக விடுவித்தால், கடைசியில் ‘கல்லின் கீழே’ என்று வரும். சுற்றிலும் கல்லாகவே இருக்கும்.

காகிதத்தின் தொல்லையைத் தீர்க்க வந்தது வேறொரு குலத்தைச் சேர்ந்த கருவி. படகிலும் பாசறையிலும் பிறவாமல் அலுவலகத்திற் பிறந்த கையடக்கக் கணினி. 1984இன் சையன் ஆர்கனைசரும், 1993இன் ஆப்பிள் நியூட்டனும் அக்குலத்தின் முன்னோர். அதற்குப் பெருவாழ்வு தந்தது 1996இல் வந்த பாம் பைலட். அதை ஆக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், வடிவம் தீருமுன் பல நாள் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதுவே கணினி என்று பாவித்துக் குறிப்பெழுதிப் பார்த்தார் என்பது பிரசித்தம். வியாபாரிகளின் விலாசங்களுக்கும் சந்திப்பு நேரங்களுக்கும் என்று பிறந்த அச்சாதனத்தில், புதையல் வேட்டைக்காரர் நூற்றுக்கணக்கான புதையல்களின் வருணனைகளையும், முன்பு வந்தவர்களின் குறிப்புகளையும், துப்புகளையும் ஏற்றிக்கொண்டனர். 2002இல் ஜி.பி.எக்ஸ். என்ற பொதுக் கோப்பு முறை ஏற்பட்டபின் இது இன்னும் சுலபமாயிற்று. ஒரு மாவட்டமே சட்டைப்பையில் அடங்கியது. துப்பை விடுவிக்கத் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். காகிதமற்ற வேட்டை என்று இதைப் பெருமையோடு அழைத்தனர்.

ஆனால் கையடக்கக் கணினியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எத்தனை தர்மசங்கடங்கள்! பாமின் கறுப்பு வெள்ளைத் திரை கண்ணுக்கு வறட்சி. ஆயினும் இரண்டு சிறு பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடும். 2000ஆம் ஆண்டில் காம்பாக் கம்பெனி வெளியிட்ட ஐபேக், வண்ணத் திரையும் வேகமும் கொண்டு வரைபடங்களை அழகாகக் காட்டும், ஆனால் அதன் பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டது, ஜி.பி.எஸ். ஏற்பியையும் சேர்த்து இயக்கினால் ஒரு முழுப் பகலுக்கு வாராது. அதனினும் கொடியது, அக்காலத்துக் கணினிகளின் ஞாபகசக்தி மின்சாரத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. பேட்டரி அறவே தீர்ந்தால், ஏற்றி வைத்த புதையல்களும், எழுதி வைத்த நாட்குறிப்பும், நண்பர்களின் விலாசங்களும் ஒருங்கே மறைந்து, கருவி கடையில் வாங்கிய நாளின் வெறுமைக்குத் திரும்பிவிடும். மின்சாரமில்லாத மலைவாசஸ்தலத்தில் மூன்றாம் நாள் தங்கியிருக்கும் பிரயாணிக்கு இது நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இக்குறை ஐபேக் போன்ற விண்டோஸ் வகைக் கருவிகளில் 2005ஐ ஒட்டித்தான் நீங்கியது. மழைக்கும் மணலுக்கும் அஞ்சி, கணினியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, உறைக்கு மேலாகவே ஸ்டைலஸால் எழுதியவர் பலர்.

இரு குலங்களுக்கும் சம்பந்தம் செய்து வைக்கும் முயற்சிகளும் நடந்தன. முதலிற் கம்பியாலும் பின்னர் புளூடூத்தாலும் ஏற்பியைக் கணினியோடு இணைத்தனர். 2003இல் கார்மின் கம்பெனி, பாம் கணினியின் உடலிலேயே ஜி.பி.எஸ்.ஸைப் பொருத்தி, விரித்தால் மடிப்பு நீங்கும் அன்டெனாவோடு ஐக்யூ 3600 என்ற கருவியைக் கொணர்ந்தது. வரைபடம், வழிகாட்டும் குரல், நாட்குறிப்பு, புதையல் விவரம் யாவும் ஒன்றிலேயே அமைந்த அது, காரிற் பயணம் செய்வோர்க்கு உத்தமமான துணை. ஆயினும் பாறையில் விழுந்தால் பிழைக்கும் தேகக்கட்டு அதற்கில்லை. ஆகவே அனுபவசாலிகள், காட்டுக்கு மஞ்சள் கருவியும் வாசிப்புக்குக் கணினியுமாக இரண்டையும் சுமப்பதையே விவேகமாகக் கருதினர்.

எந்தக் கருவியை வாங்கினாலும் புதியவரைத் தடுமாறச் செய்த ஒரு விஷயம் உண்டு. பூமியின் உருவத்தை எந்தக் கணக்கின்படி கொள்வது என்பதைப் பொறுத்து, அதே எண்கள் வெவ்வேறு இடத்தைக் குறிக்கும். வேட்டைக்காரர் எல்லோரும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற கணக்கையே கொள்வது நியதி. பழைய அமெரிக்கக் கணக்கில் கருவியை வைத்திருப்பவர் நூறு மீட்டர் வரை தள்ளி நின்று தேட நேரும். கருவியிலுள்ள அந்த நீண்ட பட்டியலைப் புரட்டினால், இந்தியக் கணக்கும், இலங்கைக்குரிய கண்டவல என்ற கணக்கும் கண்ணிற் படும். இவ்விரண்டுக்கும் அடிப்படை 1830இல் எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் கணித்த பூமியின் வடிவம். அக்கணிப்புக்கு ஆதாரமான அளவையோ, 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளந்த அடிக்கோட்டில் தொடங்கிய நில அளவையாகும்.

2004, 2005ஆம் ஆண்டுகளில் வந்த நுண்ணிய சில்லுகள், அடர்ந்த இலைக்கூரையின் கீழும் சமிக்ஞையைப் பிடிக்கும் சக்தியைக் கருவிகளுக்கு அளித்தன. 2008ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன: கார்மினின் கொலராடோ, ஆரிகன் என்ற கருவிகள் புதையல் வருணனையையும் துப்பையும் தாமே காட்டின, ஆப்பிளின் ஐபோன் 3ஜி, ஜி.பி.எஸ்.ஸோடு வெளிவந்தது. முன்னது வேட்டைக்காரரின் இரு கைச் சுமையை ஒரு கைச் சுமையாக்கியது. பின்னது கையடக்கக் கணினி என்ற குலத்தையே சில ஆண்டுகளுக்குள் கைப்பேசியில் ஐக்கியமாக்கிவிட்டது. பாம் கையடக்கக் கணினிகளும் கடைகளிலிருந்து மறைந்தன.

இச்சரித்திரத்திலிருந்து பிரயாணிகள் கொள்ள வேண்டிய படிப்பினை ஒன்று உண்டு. கருவிகளின் சாமர்த்தியம் பத்தாண்டுக்குள் பன்மடங்காகியும், அவற்றைக் காட்டிற் கைவிடச் செய்த காரணங்கள் ஆதிமுதல் மூன்றுதான்: தீர்ந்த பேட்டரி, நனைந்த உடல், வெயிலிற் படிக்க முடியாத திரை. இன்றைய கைப்பேசிக்கும் இம்மூன்றும் பொருந்தும். நான்காவதாக, மலைக்குப் பின்னால் அலைவரிசை இல்லாமற் போவதும் சேர்ந்திருக்கிறது. ஆகையால் நகர்ப்புறத்தில் தேடுவோர்க்குக் கைப்பேசி தாராளமாய்ப் போதும். பல நாள் மலைப்பயணம் போகிறவர்க்கு, பென்சில் பேட்டரியில் இயங்கும் தனிக் கருவியே இன்றும் உசிதம். வரைபடத்தையும் விவரங்களையும் புறப்படுமுன் இறக்கி வைத்துக்கொள்வது இருவர்க்கும் பொது. எந்தக் கருவியை வாங்கினாலும், பையில் ஒரு பென்சிலை மறக்க வேண்டாம். புதையலைக் கண்டவர் அதிலுள்ள குறிப்பேட்டில் தம் கையால் எழுதினாலன்றி, கண்டதாகக் கணக்கில் ஏறாது.